பழைய எஞ்சினுக்குப் புது மூச்சு

லாரிகளின் முகப்பில் எழுதப்பட்டிருக்கும் எண்களுக்குப் பொருள் உண்டு. நெடுஞ்சாலையில் அவற்றின் பின்னால் மணிக்கணக்கில் ஊர்ந்து சென்றபோதும் நம்மில் பலர் இதனை எண்ணிப் பார்த்திருக்க மாட்டோம். பழைய டாட்டா லாரி ஒன்றில் 1210 என்று கண்டால், முதல் இரண்டு இலக்கங்கள் வண்டியும் சரக்கும் சேர்ந்த மொத்த எடையை டன் கணக்கில் சொல்பவை; பின் இரண்டு இலக்கங்களைப் பத்தால் பெருக்கினால் வருவது குதிரைத்திறன். ஆக, 12 டன்னை இழுக்க 100 குதிரைகள். 1612 என்றால் 16 டன்னுக்கு 120 குதிரைகள். அந்நிறுவனம் 1954 முதல் 1969 வரை ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸ் நிறுவனத்தோடு கொண்டிருந்த கூட்டுறவையும், அந்நாட்டார் தம் வண்டிகளுக்குப் பெயரிட்ட முறையையும் இந்த எண்கள் இன்றும் நினைவூட்டுகின்றன. ஆனால் அந்த 120 குதிரைகள் வண்டி புதிதாய்ப் பிறந்த நாளில் எண்ணப்பட்டவை. பதின்மூன்று ஆண்டுகள் ஓடிய பின் அவற்றுள் எத்தனை உயிரோடிருக்கின்றன என்பதை எவரும் நெற்றியில் எழுதுவதில்லை.

அந்தக் கணக்கை எடுக்க வேண்டிய நிலைமை 2007ஆம் ஆண்டு சனவரியில் நாகபுரியில் எங்களுக்கு நேர்ந்தது. நாங்கள் என்பது கணவனும் மனைவியுமாகிய இருவர். எங்களுள் ஒருவர் மைய அரசு அலுவலகத்தில் எழுத்தர். மற்றவர் சங்ககிரியிலிருந்து லாரி ஓட்டிவந்து நாகபுரியிலேயே தங்கிவிட்ட ஒருவரின் மகள். அந்தப் பெரியவர் தம் வாழ்நாள் உழைப்பின் பலனாக விட்டுச்சென்றது 1994ஆம் ஆண்டு மாதிரி 1612 லாரி ஒன்றுதான். அவருக்குப் பின் அதை ஓட்டியவன் அவருடைய மகன். எங்களுள் ஒருவரை 'மாமா' என்றும் மற்றவரை 'அக்கா' என்றும் அழைக்கும் இருபத்தாறு வயது இளைஞன். அரசு ஊழியர் தனித்தொழில் நடத்துவதை 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகள் தடுக்கின்றன. ஆகவே வண்டி அவன் பெயரில், வருவாய் அவனுக்கும் அவன் தாய்க்கும். மாத இறுதியில் வரவு செலவை ஒரு நோட்டில் எழுதிப் பார்ப்பது மட்டுமே எங்கள் பங்கு.

அந்த நோட்டில்தான் நோய் முதலில் தெரிந்தது. இருநூறு கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் எஞ்சின் ஆயில் ஊற்ற வேண்டியிருந்தது. லிட்டருக்கு நாலு கிலோமீட்டருக்குமேல் கொடுத்துவந்த வண்டி 3.4க்கு இறங்கியிருந்தது. குளிர்காலக் காலையில் எழுப்புவதற்கு அரைமணி நேரம் பிடித்தது. எழுந்தபின் நீலப்புகை. டீசல் எஞ்சினின் புகைக்கு மொழி உண்டு. கரும்புகை என்றால் எரிபொருள் மிகுதி, அல்லது காற்றுக் குறைவு. வெண்புகை என்றால் எரியாத டீசலோ உள்ளே கசிந்த நீரோ. நீலம் என்றால் மசகெண்ணெயே எரிகிறது என்று பொருள். எங்கள் வண்டி மூன்று நிறங்களையும் நேரத்துக்கேற்பக் காட்டியது.

நாகபுரியின் ஆரஞ்சுப் பழத்துக்கு ஆண்டில் இரண்டு அறுவடை. மழையில் பூத்துப் பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் வரும் 'மிருக்' பருவப் பழத்தைக் காட்டோல், வரூட் பக்கமிருந்து ஏற்றி ஜபல்பூர்ச் சந்தைக்குக் கொண்டுசெல்வதே அவனுக்கு ஆண்டின் பெரிய வருமானம். அந்த வழியில் சிவனிக்கு முன்னால் குரயி மலைப்பாதை இருக்கிறது. அன்று அது ஏழாம் எண் நெடுஞ்சாலை. 2010இல் எண் மாறி நாற்பத்துநான்கு ஆயிற்று. இப்போது அங்கே புலிகள் அடியில் கடந்து செல்லும்படி உயர்த்திக் கட்டிய நான்குவழிச் சாலை. அப்போதோ தேக்கு மரங்களுக்கிடையே வளைந்து ஏறும் குறுகிய பாதை. முந்தைய பருவத்தில் எங்கள் வண்டி அந்த ஏற்றத்தில் முதல் கியரில் முனகிக்கொண்டு சென்றது. பின்னால் நின்ற வண்டிகள் எழுப்பிய ஒலிப்பான் சத்தத்தைவிட, சந்தைக்குப் பழம் இரண்டு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்ததே பெரிய அடி. விடியற்காலை ஏலத்துக்குப் பின் இறங்கும் பழத்துக்கு விலை இல்லை. "அடுத்த தடவை இதே வண்டின்னா வேற ஆளப் பாத்துக்கறோம்" என்று தரகர் சொல்லியிருந்தார்.

ஆகவே அவன் கேட்டது பழுதுபார்ப்பு அன்று, அதிக சக்தி. இரண்டையும் அவன் வேறு வேறாகவே எண்ணினான். லாரி நிறுத்தங்களில் அவனுக்குக் கிடைத்த அறிவுரைகளும் அப்படிப்பட்டவையே. முதலாவது, டீசல் பம்பின் பக்கத்தில் ஈய முத்திரை வைத்து அடைத்திருக்கும் திருகை உடைத்து ஒரு சுற்றுத் திருப்புவது. "மாமா, ஸ்க்ரூவ ஒரு சுத்து திருப்புனாப் பத்துக் குதிரை கூடுதுன்னு எல்லாரும் சொல்றாங்க. செலவே இல்லீங்களே" என்றான். இரண்டாவது, பழைய சாமான் கடையிலிருந்து ஒரு டர்போவை வாங்கி மாட்டுவது. மூன்றாவது, சிலிண்டரைப் பெரிதாகக் குடைந்து பெரிய பிஸ்டன் போடுவது. நான்காவது, எஞ்சினையே கழற்றிப் போட்டுவிட்டு வேறு பெரிய எஞ்சினை ஏற்றுவது. இந்த நான்காவதை நோட்டு எழுதியவர் உடனே தள்ளிவிட்டார். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்க இடந்தருவதில்லை. மற்ற மூன்றுக்கும் சட்டத்தில் அன்றி இரும்பில்தான் விடை தேட வேண்டியிருந்தது.

கையிருப்பு எழுபதாயிரம் ரூபாய். அதில் பெரும்பகுதி, எங்களுள் ஒருவரின் இரண்டு ஜோடி வளையல்கள் வங்கிக்குள் சென்றதால் வந்தது. வண்டியை இரும்பு விலைக்கு எடுத்துக்கொள்ள ஒருவர் ஆயத்தமாக இருந்தார். விற்றுவிட்டுச் சம்பளத்துக்கு ஓட்டப் போ என்று சொல்லியிருக்கலாம். தந்தையின் வண்டியை மகன் இரும்பாகப் பார்க்க விரும்பவில்லை, தமக்கையும் விரும்பவில்லை. உணர்ச்சியைக் கணக்கில் எழுதப் பத்தி கிடையாது. ஆயினும் எழுபதாயிரத்தின் எல்லையைத் தாண்டுவதில்லை என்று மூவரும் அன்றிரவு உடன்பட்டோம்.

வாடியில், லாரிகள் வரிசையாக நிற்கும் அமராவதி சாலையோரத்தில், முதிய மிஸ்திரி ஒருவரின் பட்டறை இருந்தது. எல்லோரும் அவரைச் 'சாச்சா' என்றே அழைத்தனர். அறுபது வயதைக் கடந்தவர், தடித்த கண்ணாடி, பேசுவதைவிட அளப்பதில் நாட்டம் மிகுந்தவர். எங்கள் இளைஞன் அதிக சக்தி வேண்டும் என்று சொல்லி முடித்ததும், அவர் எழுந்து சென்று அலமாரியிலிருந்து ஒரு பிஸ்டனை எடுத்து அவன் கையில் வைத்தார். அதன் தலையில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. ஓரங்கள் மெழுகு உருகி வழிந்தாற்போல் இருந்தன. "இவனும் பத்துக் குதிரை கேட்டான். எட்டு மாதம் கிடைத்தது" என்றார் இந்தியில்.

அவர் விளக்கியதன் சாரம் இது. டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. உள்ளிழுத்த காற்றை ஏறத்தாழப் பதினேழில் ஒரு பங்காக நெருக்கும்போது எழும் வெப்பமே, பீச்சப்படும் டீசலைப் பற்றவைக்கிறது. ருடால்ஃப் டீசல் 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டிய எஞ்சின் முதல் இன்றுவரை அடிப்படை இதுவே. ஒரு கிலோ டீசல் முழுதும் எரிய பதினான்கரைக் கிலோ காற்றாவது வேண்டும். உள்ளே இரண்டும் கலக்கக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவாதலால், புகையின்றி எரிய அதைவிடக் கூடுதலாகவே வேண்டும். திருகைத் திருப்பினால் டீசல் கூடும், காற்று கூடாது. மிஞ்சிய டீசல் கரியாகவும் வெப்பமாகவும் மாறி, பிஸ்டனையும் வால்வையும் தின்னும். அருகிலிருந்து கேட்ட எங்களுள் ஒருவர், "ஊதாங்குழல் இல்லாத அடுப்பில் விறகைத் திணிப்பது போல" என்றார். சாச்சாவுக்கு அது மொழிபெயர்த்துச் சொல்லப்பட்டது. அன்றிலிருந்து தேநீர் வந்தால் முதல் கோப்பை அந்த அம்மையாருக்குத்தான்.

டர்போ காற்றைக் கூட்டும் கருவியாயிற்றே என்று இளைஞன் விடவில்லை. உண்மைதான், வெளியேறும் புகையின் வேகத்தாலேயே ஒரு விசிறியைச் சுழற்றிக் காற்றை அழுத்தி உள்ளே அனுப்பும் அந்த ஏற்பாட்டுக்கு ஆல்ஃப்ரெட் பியூக்கி என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர் 1905இலேயே காப்புரிமை பெற்றார். இதே எஞ்சின் குடும்பத்திலும் டர்போ கொண்ட வகை உண்டு. ஆனால் தொழிற்சாலை டர்போவை மட்டும் மாட்டி அனுப்புவதில்லை. அதற்கேற்ற பிஸ்டன், அதற்குத் தனியே ஆயில் வழி, கூடுதல் வெப்பத்தைத் தாங்கும் உறுப்புகள், வேறு அளவில் அமைத்த பம்ப் என்று எல்லாவற்றையும் மாற்றுகிறது. தேய்ந்த எஞ்சினில் பழைய டர்போவை வைப்பது, எழுந்து நிற்க இயலாத கிழவனின் முதுகில் மூட்டையை ஏற்றி ஓடச் சொல்வதாகும்.

"முதலில் உன் அப்பாவின் 120 குதிரைகளைத் தேடிப் பிடிப்போம். அதற்குப் பிறகு புதிதாக வாங்குவதைப் பற்றிப் பேசு" என்றார் சாச்சா. சனவரி 8ஆம் தேதி வண்டி பட்டறைக்குள் சென்றது.

எஞ்சினைப் பிரிப்பதைப் பார்ப்பது அறுவைச் சிகிச்சை பார்ப்பது போன்றது என்று சொல்வார்கள். எங்களுக்கு அது பழைய கோப்பு ஒன்றைப் பிரித்துப் படிப்பது போலவே தோன்றியது. எந்தத் தவறு எப்போது எவரால் நேர்ந்தது என்பது உறுப்புகளில் பதிவாகியிருக்கிறது. காற்று வடிகட்டியின் ஆயில் தொட்டியில் ஆயிலுக்குப் பதில் சேறு. அங்கிருந்து எஞ்சினுக்குச் செல்லும் ரப்பர்க் குழாயின் அடிப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல். நெடுஞ்சாலைத் தூசி எத்தனை காலமாக அந்த வழியே உள்ளே சென்றதோ! இந்த எஞ்சினின் ஆறு சிலிண்டர்களின் மொத்தக் கொள்ளளவு 5,675 கன சென்டிமீட்டர். நிமிடத்துக்கு 2,400 சுற்றுச் சுற்றினால், இரண்டு சுற்றுக்கு ஒருமுறை மூச்சிழுக்கும் கணக்கில், நிமிடத்துக்கு 6,800 லிட்டர் காற்றுக்கு இடம் கொடுக்கும். அவ்வளவு காற்றும் ஒரு கிழிந்த குழாயின் வழியே மண்ணைச் சுமந்துகொண்டு போயிருக்கிறது. குழாயின் விலை நூற்றுச் சொச்சம் ரூபாய்.

சாச்சா சிலிண்டருக்குள் அளவுமானியை இறக்கி, மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்திலும், நெடுக்கிலும் குறுக்கிலுமாக அளந்தார். அளவுகளைச் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளும் பணி எங்களுக்கு வாய்த்தது, முப்பத்தாறு எண்கள். சிலிண்டரின் விட்டம் 97 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். கீழே 97.05, மேல் விளிம்பை ஒட்டி 97.42. பிஸ்டன் மேலே சென்று திரும்பும் இடத்தில்தான் வெப்பமும் அழுத்தமும் மிகுதி, ஆயில் குறைவு. ஆகவே தேய்மானமும் அங்கேதான். கிணறு வாய் அகன்று புனல்போல் ஆகியிருந்தது. நெருக்க வேண்டிய காற்று ரிங்குகளைத் தாண்டிக் கீழே நழுவ, கீழேயிருந்த ஆயில் மேலேறி எரிய, குதிரைகள் அந்த இடைவெளியில் ஒவ்வொன்றாய் வெளியேறியிருந்தன.

பெரிய பிஸ்டன் என்ற மூன்றாவது ஆலோசனைக்கு அன்று மாலை எழுத்தரே விடை எழுதினார். விட்டத்தை 97இலிருந்து அரை மில்லிமீட்டர் கூட்டினால், 128 மில்லிமீட்டர் ஓட்டத்துக்கு, ஆறு சிலிண்டர்களின் மொத்தக் கொள்ளளவு 5,675இலிருந்து 5,734 ஆகும். கூடுதல் 59 கன சென்டிமீட்டர், நூற்றுக்கு ஒன்று. நூற்றிருபது குதிரைக்கு ஒரு குதிரையும் கொஞ்சமும். அதற்காகச் சிலிண்டர்ச் சுவரை மெலிதாக்க வேண்டும். இந்தக் கணக்கைக் கண்டபின் இளைஞன் சற்று நேரம் பேசாதிருந்தான். பிறகு, "அப்ப லைனரே மாத்திரலாங்க மாமா" என்றான். புது லைனர்களை அழுத்தி ஏற்றி, பழைய 97 மில்லிமீட்டருக்கே குடைந்து, உட்சுவரில் ஆயில் தங்கும்படி குறுக்குக் கோடுகள் விழ ஹோனிங் செய்து வந்தது பிளாக். பிஸ்டன், லைனர், ரிங், பின் எல்லாம் சேர்ந்து ரூபாய் 16,500. கடைக்காரர் எடுத்துவைத்த பிஸ்டன் பெட்டிகளின்மேல் சென்னை முகவரியைக் கண்டபோது, வடக்கே வந்து பல ஆண்டுகளாகியும் எங்களுக்குச் சிறிது பெருமிதம் எழுந்தது. 1949இல் தொடங்கி, செம்பியத்தில் ஆலை வைத்துப் பிஸ்டன் செய்து நாடெங்கும் அனுப்பிய நிறுவனத்தினுடையவை அவை. ஊரைவிட்டு வந்தவர்கள் நாம் மட்டும் அல்லர்.

கிராங்க் தண்டு நீள்வட்டமாய்த் தேய்ந்திருந்ததால் கால் மில்லிமீட்டர் சாணை பிடித்து, அதற்கேற்ற தடித்த பேரிங்குகள் போடப்பட்டன. அதன்பின் சாச்சா செய்த ஒரு காரியம் எங்களுக்கு வியப்பளித்தது. பக்கத்து இனிப்புக் கடையிலிருந்து மின்தராசு ஒன்றை இரவல் வாங்கிவந்து, ஆறு பிஸ்டன்களையும் ஆறு கனெக்டிங் ராடுகளையும் ஒவ்வொன்றாக நிறுத்தார். ராடுகளில் மிகக் கனமானதற்கும் இலேசானதற்கும் இருபத்தாறு கிராம் வேறுபாடு. முன்பு ஒரு பழுதின்போது எவரோ ஒன்றை மட்டும் மாற்றியிருக்க வேண்டும். கனமானவற்றில், வலிமைக்குத் தேவையில்லாத புடைப்புகளைச் சிறிது சிறிதாக அரத்தால் தேய்த்து எல்லாவற்றையும் நாலைந்து கிராமுக்குள் கொண்டுவந்தார். நிமிடத்துக்கு இரண்டாயிரம் முறைக்குமேல் மேலும் கீழும் எறியப்படும் பொருளில் இருபத்தாறு கிராம் என்பது சிறிய எடை அன்று. இதற்கு அவர் தனிக்கூலி கேட்கவில்லை. தராசைத் திருப்பிக் கொடுக்கும்போது கால் கிலோ ஜிலேபி மட்டும் வாங்கிக்கொடுத்தோம்.

இடி விழுந்தது ஹெட்டில். கழுவித் துடைத்த ஹெட்டில் மண்ணெண்ணெயைத் தடவி, சற்றுப் பொறுத்து நன்கு துடைத்துவிட்டு, சுண்ணாம்புப் பொடியைத் தூவினார் சாச்சா. சிறு சுத்தியலால் தட்டியதும் நான்காவது சிலிண்டருக்கு நேரே, இரண்டு வால்வு இருக்கைகளுக்கு இடையில், வெண்பொடியில் ஈரமான மயிரிழைக் கோடு ஒன்று எழுந்தது. வெடிப்பு. வண்டி காட்டிய வெண்புகைக்குக் காரணமும் அதுவே. புது ஹெட்டின் விலை எங்கள் எல்லையைத் தகர்த்துவிடும். அன்றிரவு வீட்டில் எவரும் சரியாகச் சாப்பிடவில்லை. அவனுடைய தாயார், "அந்த வண்டிக்கு விதி அவ்வளவுதான்னா விட்டுருங்க சாமி" என்றார். இன்னொரு ஜோடி வளையல் மிச்சமிருந்தது. அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை, எல்லோரும் நினைத்தோம்.

மூன்றாம் நாள் சாச்சாவே விபத்துக்குள்ளான ஒரு வண்டியின் ஹெட்டைத் தேடிப்பிடித்து வந்தார், 4,500 ரூபாய். எல்லாத் துளைகளையும் அடைத்து, உள்ளே அழுத்தத்தோடு நீரேற்றி, ஒரு மணி நேரம் வைத்துப் பார்த்து, ஒரு சொட்டும் கசியவில்லை என்ற பிறகே பணம் கொடுக்கச் சொன்னார். கூடிய செலவை ஈடுகட்ட, புதுக் கிளட்ச் தட்டு வாங்குவதை விட்டுப் பழைய தட்டுக்கு லைனிங் மட்டும் மாற்றினோம். முகப்புக்குப் புதுச் சாயம் பூசித் தந்தையின் பெயரை எழுதும் எண்ணத்தை இளைஞன் தானாகவே கைவிட்டான்.

அந்த ஹெட்டில் புது கைடுகள் போட்டு, இருக்கைகளை வெட்டி, வால்வுகளைத் தேய்த்துப் பொருத்தினார்கள். காற்று நுழையும் வாய்களில் கேஸ்கெட்டின் விளிம்பு உள்ளே துருத்திக்கொண்டிருந்ததைக் கத்தரித்து, மேனிஃபோல்டின் வாயும் ஹெட்டின் வாயும் ஒன்றோடொன்று நேராக அமையும்படி அரம் போட்டார் சாச்சா. அதிக சக்தி என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் இந்த இடத்தில்தான் தொழிற்சாலை கொடுத்ததைவிடச் சற்றுக் கூடுதலாக ஏதோ கிடைத்திருக்கும். செலவு, அரை நாள் கைவேலை. ஹெட்டை ஏற்றுமுன் பிஸ்டன் தலையில் மெல்லிய ஈயக்கம்பித் துண்டை வைத்து, ஹெட்டை முறுக்கி, கையால் எஞ்சினை ஒரு சுற்றுச் சுற்றி, மீண்டும் கழற்றி, நசுங்கிய கம்பியின் தடிப்பை அளந்தார். பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் இடையிலுள்ள இடைவெளி அதுதான். கூடினால் நெருக்கம் குறையும். குறைந்தால் இரும்பும் இரும்பும் முட்டும். ஆறு சிலிண்டருக்கும் ஆறு கம்பிகள்.

எல்லாவற்றிலும் எங்களைக் கவர்ந்தது டீசல் பம்புதான். ராபர்ட் பாஷ் நிறுவனம் 1927இல் விற்பனைக்குக் கொண்டுவந்த இவ்வகைப் பம்ப் இல்லாதிருந்தால் டீசல் எஞ்சின் லாரிக்குள் வந்தே இருக்காது என்பர். நம் நாட்டில் 1951இல் பெங்களூரில் தொடங்கப்பெற்ற மைகோ அதைச் செய்துவந்தது. 2008இல் அந்நிறுவனமும் பாஷ் என்றே பெயர் மாறிற்று. நகரத்துக் கடை ஒன்றில் பம்பைச் சோதனை மேசையில் மாட்டினர். மேசையின்மேல் ஆறு கண்ணாடிக் குழாய்கள் வரிசையாக நின்றன. பம்பைக் குறித்த வேகத்தில் இருநூறு அடி அடிக்கவிட்டால், ஒவ்வொரு சிலிண்டருக்கும் போக வேண்டிய டீசல் அதனதன் குழாயில் விழும். ஓட்டி நிறுத்தியதும் பார்த்தோம்: மிகுதியானது 14, குறைவானது 10, மற்றவை இடையில். ஒழுங்கற்ற பல்வரிசை போல ஆறு மட்டங்கள்.

எங்கள் வண்டியின் புதிர் முழுவதும் அந்தக் குழாய்களில் தெளிவாயிற்று. பதினான்கு பெற்ற சிலிண்டர் கரும்புகை விட்டுக் கொதித்தது. பத்துப் பெற்றது சோம்பிக் கிடந்தது. ஓட்டுநருக்குப் புகையும் தெரிந்தது, பலவீனமும் தெரிந்தது. அந்த நிலையில் முத்திரைத் திருகைத் திருப்பியிருந்தால் பத்துக்குப் பன்னிரண்டு கிடைத்திருக்கும். முன்பே மிகுந்திருந்த பதினான்கு பதினாறாகி, அலமாரியில் இருந்த பிஸ்டனின் கதையே நேர்ந்திருக்கும். தேய்ந்த உறுப்புகளை மாற்றி, இரண்டு நாள் கழித்து மீண்டும் ஓட்டியபோது ஆறு மட்டங்களும் அடிக்கோல் வைத்துக் கோடிட்டது போல நின்றன. நாசில்கள் ஒவ்வொன்றையும் கைப்பம்பில் வைத்து அழுத்த, டீசல் சொட்டாமல் மூடுபனியாகச் சீறியது. பம்புக்கும் நாசிலுக்குமாக ரூபாய் 9,800. சாச்சாவின் கூலியே 9,000தான். "எங்கே காசைக் குறைத்தாலும் இங்கே குறைக்காதே" என்று அவர் முதல் நாளே சொல்லியிருந்தார்.

மற்றவற்றை விரைந்து சொல்லிவிடலாம். ரேடியேட்டரைப் பிரித்துக் குழாய்களில் கம்பி விட்டுச் சுத்தம் செய்தார்கள். வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை எப்போதோ எவரோ கழற்றி எறிந்திருந்தனர். அது இல்லாவிட்டால் எஞ்சின் குளிர்ச்சியாக இருக்கும் என்பது நம் சாலைகளில் பரவியுள்ள நம்பிக்கை. குளிர்ச்சியாகத்தான் இருக்கும், வேண்டிய சூட்டுக்கு வராத எஞ்சினில் லைனர் விரைவாகத் தேயும் என்பதை மட்டும் சொல்வதில்லை. சாச்சா புதிது போட்டார். பின்சக்கரங்களைத் தூக்கிவைத்துக் கையால் சுழற்றி, ஒன்றில் பிரேக் உரசிக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்து அதையும் சரிசெய்தார். அங்கே எத்தனை குதிரைகள் கட்டிக்கிடந்தனவோ.

பிப்ரவரி 2ஆம் தேதி காலை எஞ்சினை எழுப்பினார்கள். முதலில் டீசலை நிறுத்திவைத்து, ஆயில் அழுத்தம் ஏறும்வரை வெறுமனே சுற்றவிட்டனர். பிறகு திறந்ததும் இரண்டாவது சுற்றிலேயே பற்றிக்கொண்டது. சாச்சா ஒரு வெள்ளைக் கைக்குட்டையைப் புகைக்குழாயின் வாயருகே சற்று நேரம் பிடித்திருந்து எங்களிடம் நீட்டினார். இலேசான சாம்பல் நிறம் மட்டுமே. ஆயில் வாயின் மூடியைத் திறந்தால் முன்பு நீராவி எஞ்சின் போலப் புகை பொங்கும். இப்போது உள்ளே வெறும் இருட்டு.

முதல் ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் அரைப்பாரம், வேகம் மிகாது, நெடுநேரம் நின்ற இடத்தில் ஓடவிடாது. இளைஞன் எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தான். பக்கத்து ஊர்களுக்குச் சோளமும் அட்டைப்பெட்டியும் ஏற்றினான். பிறகு ஆயிலை மாற்றி, ஹெட் போல்ட்டுகளை மறுபடி முறுக்கி, வால்வு இடைவெளியைச் சரிபார்த்துச் சாச்சா அனுப்பியபோது மார்ச்சு மாதம் முதல் வாரம். பருவத்தில் பாதி போயிருந்தது. மீதிப் பாதிக்குத் தரகர் ஒரே ஒரு நடை தந்து பார்ப்பதாகச் சொன்னார்.

அன்றிரவு இரண்டு மணிக்குச் சிவனிக்கு அருகிலுள்ள தாபாவிலிருந்து தொலைபேசி ஒலித்தது. இருவருமே விழித்துத்தான் இருந்தோம். "மாமா, குரயி மூணாவது கியர்லயே ஏறிருச்சுங்க. ரெண்டு வளைவுல மட்டும் ரெண்டுக்கு எறக்குனேன். சூட்டு முள்ளு அசையல" என்றான். அக்கா வாங்கிப் பேசினார். சாப்பிட்டாயா என்று கேட்டார். நாகபுரியிலிருந்து ஜபல்பூருக்கு முன்பு பதினொரு மணி நேரம் பிடித்த வழியை ஒன்பது மணி நேரத்தில் கடந்து, ஏலத்துக்கு முன்பே பழம் இறங்கிற்று. அந்தப் பருவத்தில் மேலும் ஏழு நடைகள் கிடைத்தன.

மொத்தச் செலவு ரூபாய் 68,100. மிச்சம் 1,900. லிட்டருக்கு 3.4 கொடுத்த வண்டி 4.2 கொடுத்தது. வளையல்கள் அவ்வாண்டு தீபாவளிக்கு முன்பே வீடு திரும்பின. 120 குதிரைகளும் திரும்பினவா என்று எந்தக் கருவியிலும் அளந்து பார்க்கவில்லை; அதற்கான கருவி அந்தப் பட்டறையில் கிடையாது. இளைஞன் மட்டும் நூற்றிருபத்தைந்து என்று தன் நண்பர்களிடம் சொல்லிவந்தான். மறுப்பதற்கு எங்களிடம் ஆதாரம் இல்லை.

வண்டியை ஒப்படைத்த அன்று சாச்சா பம்பின் திருகில் புது ஈய முத்திரை வைத்திருந்தார். "இது உடைந்திருந்தால் என் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுவராதே" என்று விரல் உயர்த்திச் சொன்னார். 2015இல் மாப்பிள்ளை வேறு வண்டிக்கு மாறி, பாலாகாட் பக்கத்துச் செங்கல் சூளைக்காரர் ஒருவருக்கு இதை விற்றபோது, வாங்க வந்தவரின் மெக்கானிக் முதலில் பார்த்த இடம் அதுதான். முத்திரை அப்படியே இருந்தது.